கேள்விக்குறிக்குப் பின்: வராத மதிப்பும் வெற்று மதிப்பும்



வலைமுகவரி ஒன்றில் கேள்விக்குறிக்குப் பின் எழுதப்படும் பகுதி வினவற்பகுதி எனப்படும். ஒரு பொது நூலகத்தின் நூற்பட்டியலை வலையில் தேடும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் ‘தேடல்?சொல்=குறுந்தொகை&ஆசிரியர்=&பக்கம்=2’ என்பது போன்ற வடிவம் தெரியுமாயின், அதில் ‘சொல்’, ‘ஆசிரியர்’, ‘பக்கம்’ ஆகிய மூன்றும் அளபுருக்கள்; நிரலாளர்களின் அன்றாடப் பேச்சில் இவை பாராமீட்டர்கள். சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது பெயர், வலப்பக்கம் இருப்பது மதிப்பு, ஓர் இணையை அடுத்த இணையிலிருந்து பிரிப்பது ‘&’ என்னும் குறி. இங்கே ‘ஆசிரியர்’ என்னும் அளபுருவுக்குப் பெயர் வந்திருக்கிறது, மதிப்பு வரவில்லை. ‘மொழி’ என இன்னோர் அளபுருவையும் அந்தத் தளம் ஏற்குமானால், அதன் பெயர்கூட வரவில்லை. இவ்விரு நிலைகளும் ஒன்றா வேறா, வேறென்றால் நிரல் ஒவ்வொன்றையும் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தேர்வு மதிப்பெண் பட்டியலில், தேர்வுக்கே வராத மாணவருக்கும், வந்து வெறுந்தாளைக் கொடுத்துச் சென்றவருக்கும், எழுதியும் எல்லா விடையும் தவறிப் பூச்சியம் வாங்கியவருக்கும் ஒரே குறியை இடும் ஆசிரியர் இருக்க மாட்டார். மூவருக்கும் மதிப்பெண் ஒன்றும் இல்லை என்றாலும், மறுதேர்வு யாருக்கு, விளக்கம் யாரிடம் கேட்பது என்பவை அந்தக் குறியைப் பார்த்தே முடிவாகின்றன. அளபுருக்களிலும் இதே மூன்று நிலைகள் உண்டு. பெயரே வராதது வராமை. பெயர் வந்து மதிப்பின் இடம் காலியாக இருப்பது வெறுமை. மதிப்பு வந்தும் அது எதிர்பார்த்த வகையைச் சேராதது, அதாவது பக்க எண் வரவேண்டிய இடத்தில் ‘அஆஇ’ என்று வருவது, பிழை. நிரல் எழுதத் தொடங்கும் பலர் இம்மூன்றையும் ‘மதிப்பு இல்லை’ என்னும் ஒரே நிலைக்குள் அடக்கிவிடுகிறார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஏனெனில் பயிற்சி நூல்களில் உள்ள நிரல்கள் எல்லா அளபுருக்களும் முறையாக நிரம்பி வரும் என்று வைத்துக்கொண்டே எழுதப்படுகின்றன, அவர்கள் கையாளும் மொழிகளும் அந்த வேறுபாட்டை ஆளுக்கொரு விதமாக மறைத்துவிடுகின்றன.

வலைமுகவரியின் இலக்கணத்தை வரையறுக்கும் ஆவணம், டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் ஆகியோர் எழுதி 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986 ஆகும். வினவற்பகுதி கேள்விக்குறியில் தொடங்கி ‘#’ குறியிலோ முகவரியின் முடிவிலோ நிற்கும் என்பதை அது திட்டமாகச் சொல்கிறது. ஆனால் அதற்குள் பெயரும் மதிப்பும் இணையிணையாக இருந்தே ஆகவேண்டும் என்று அது விதிக்கவில்லை, அது பரவலான ஒரு வழக்கம் என்று மட்டும் குறிப்பிடுகிறது. அந்த வழக்கம் வந்த இடம் எச்டிஎம்எல் படிவங்கள். 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறை, படிவத்தில் நிரப்பியவற்றை எவ்வாறு ஒரே வரியாகக் கோக்க வேண்டும் என்பதைச் சொன்னது. அவ்வரியைத் திரும்பப் பிரிக்கும் விதியை இன்று உலாவி நிறுவனங்களின் பொறியாளர்கள் கூடிப் பேணிவரும் ‘யூஆர்எல் ஸ்டாண்டர்டு’ படிப்படியாக வகுத்துள்ளது: முதலில் ‘&’ குறி உள்ள இடங்களில் துண்டாக்க வேண்டும்; ஒன்றுமில்லாத துண்டுகளை விட்டுவிட வேண்டும்; ஒரு துண்டில் முதலில் வரும் சமக்குறிக்கு முன்னால் உள்ளது பெயர், அதற்குப் பின்னால் உள்ளது முழுவதும் மதிப்பு; சமக்குறியே இல்லையென்றால் துண்டு முழுவதும் பெயர், மதிப்பு வெற்றுச் சரம். சரம் என்பது எழுத்துகளின் வரிசை. ஓர் எழுத்தும் இல்லாத வரிசை வெற்றுச் சரம். ஆக, ‘ஆசிரியர்’ என்று மட்டும் எழுதினாலும் ‘ஆசிரியர்=’ என்று எழுதினாலும் இவ்விதிப்படி கிடைப்பது ஒன்றே. பின்னர் காணப்போவது போல, எல்லா நிரலகங்களும் இவ்விதியைப் பின்பற்றுவதில்லை.

வராமையும் வெறுமையும் பயனரின் கவனக்குறைவால் மட்டும் நேர்பவை என்று எண்ணுவது பொருந்தாது. உலாவியே அவற்றை ஒழுங்காக உண்டாக்குகிறது. படிவத்தில் உள்ள எழுத்துப் பெட்டியை ஒருவர் தொடாமல் விட்டாலும் அதன் பெயர் சமக்குறியோடும் வெற்று மதிப்போடும் அனுப்பப்படுகிறது. குறியிடப்படாத தேர்வுப்பெட்டியோ அனுப்பப்படுவதே இல்லை. முடக்கி வைக்கப்பட்ட பெட்டிகளும் அவ்வாறே. எனவே ‘கையிருப்பில் உள்ள நூல்கள் மட்டும்’ என்னும் தேர்வுப்பெட்டியைப் பயனர் வேண்டுமென்றே எடுத்துவிட்டதும், படிவத்துக்கே வராமல் வேறொரு தளத்தின் இணைப்பைச் சொடுக்கி வந்ததும், வழங்கியின் (சர்வரின்) கண்ணுக்கு ஒரே தோற்றம் தருகின்றன. அந்தப் பெட்டி தொடக்கத்திலேயே குறியிடப்பட்டதாக இருந்தால் இந்தக் குழப்பம் தீவிரமாகிறது: பெயர் வரவில்லை என்பதைக் கண்டு நிரல் இயல்பு மதிப்பாகிய ‘ஆம்’ என்பதை மீண்டும் இட்டால், பயனர் எத்தனை முறை எடுத்துவிட்டாலும் அந்தப் பெட்டி திரும்பத் திரும்பக் குறியோடு வந்து நிற்கும். ரூபி ஆன் ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகள் தேர்வுப்பெட்டிக்கு முன்னால் அதே பெயரில் ‘0’ என்னும் மதிப்புடைய மறைபெட்டி ஒன்றை வைப்பது இதனால்தான். அதன் பின், வராமை என்பது படிவம் அனுப்பப்படவில்லை என்பதற்கு மட்டுமே அடையாளமாகிறது.

நிரல்களும் இந்நிலைகளை உண்டாக்குகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் மதிப்பு இடப்படாத மாறியை முகவரிச் சரத்தோடு ஒட்டிவிட்டால், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் ‘அன்டிஃபைன்டு’ என்னும் ஆங்கிலச் சொல் ஒன்பது எழுத்துகளோடு அப்படியே முகவரியில் போய் அமர்ந்துவிடுகிறது. வழங்கிக்கு அது வெறுமையும் அன்று, வராமையும் அன்று, அந்தப் பெயரில் ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்று தேடவேண்டிய முறையான சரம். இப்படிப்பட்ட கோரிக்கை வழங்கியின் பதிவேட்டில் தென்பட்டால், திருத்தவேண்டிய இடம் முகவரியைக் கட்டி அனுப்பிய நிரலேயன்றி வழங்கி அன்று.

இனி, பெறும் பக்கத்தில் மொழிகள் செய்வதைக் காண்க. உலாவியிலும் நோட் சூழலிலும் உள்ள யூஆர்எல்-சர்ச்-பாராம்ஸ் என்னும் கருவி, ஓர் அளபுரு வராதபோது ‘நல்’ என்னும் குறியையும், வெறுமையாக வந்தபோது வெற்றுச் சரத்தையும் தருகிறது. ‘நல்’ என்பது மதிப்பே இல்லை என்று அறிவிப்பதற்கென மொழி ஒதுக்கி வைத்துள்ள தனிக் குறி. ஜாவாவின் செர்வ்லெட் முறையும் அதையே செய்கிறது. கோ மொழியிலோ ‘கெட்’ என்னும் செயற்கூறு இரு நிலைக்கும் வெற்றுச் சரத்தையே தருவதால் வேறுபாடு அங்கேயே அழிந்துவிடுகிறது. பெயர் வந்ததா என்று தனியே கேட்கும் ‘ஹேஸ்’ என்னும் செயற்கூறு 2021 ஆகஸ்டில் வெளியான 1.17 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. பைத்தானின் தரநிரலகத்தில் உள்ள பிரிப்பான் எதிர்த்திசையில் செல்கிறது: ‘கீப் பிளாங்க் வேல்யூஸ்’ என்னும் விருப்பை வெளிப்படையாக இயக்காவிட்டால் வெற்று மதிப்புள்ள இணைகளை அது அடியோடு நீக்கிவிடுகிறது, வெறுமை வராமையாக மாறிவிடுகிறது. அதே பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோ கட்டமைப்பு அந்த விருப்பை இயக்கியே பயன்படுத்துவதால் அங்கே வெற்று மதிப்பு தங்குகிறது. ரூபியின் ரேக் நிரலகம் இன்னும் நுட்பமாகச் சென்று, சமக்குறி இல்லாத பெயருக்கு ‘நல்’ போன்ற இன்மைக் குறியையும், சமக்குறியோடு வந்த பெயருக்கு வெற்றுச் சரத்தையும் தருகிறது. ஒரே முகவரி, ஐந்தாறு மொழிகளில் மூன்று நான்கு பொருள்களைப் பெறுகிறது என்பதை உணர்ந்தவர், தாம் பழகிய மொழியின் நடத்தையை வலையின் இயற்கை என்று கொள்ள மாட்டார்.

பிஎச்பி மொழி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிறு வலைத்தளங்கள் பலவற்றை எழுதுபவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். அங்கே ‘இஸ்செட்’ என்னும் சோதனை, பெயர் வந்திருக்கிறதா என்பதைக் கேட்கிறது, வெற்று மதிப்பு வந்தாலும் ஆம் என்கிறது. ‘எம்ப்டி’ என்னும் சோதனையோ வராததையும் வெறுமையானதையும் சேர்த்துப் பிடிப்பதோடு, ‘0’ என்னும் ஒற்றை எழுத்துச் சரத்தையும் வெறுமை என்றே அறிவிக்கிறது. நிலுவைத் தொகை பூச்சியமாக உள்ள உறுப்பினர்களைத் தேட ஒருவர் ‘நிலுவை=0’ என்று அனுப்பினால், ‘எம்ப்டி’ சோதனையை நம்பிய நிரல் அந்த நிபந்தனையை வந்ததாகவே கொள்ளாமல் எல்லா உறுப்பினர்களையும் பட்டியலிட்டுவிடும்; பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது நெடுங்காலம் கண்ணில் படாமலே இருக்கக்கூடும். 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பின் ‘??’ என்னும் செயற்குறி வராமைக்கு மட்டும் இயல்பு மதிப்பை இடுகிறது, வெறுமையையும் பூச்சியத்தையும் தொடுவதில்லை; புதிதாக எழுதுபவர் அதையே பழகிக்கொள்வது நல்லது.

ஜாவாஸ்கிரிப்டில் உள்ள பொறி எண்ணாக மாற்றும் இடத்தில் இருக்கிறது. ‘நம்பர்’ என்னும் மாற்றி, வெற்றுச் சரத்தைக் கொடுத்தாலும் நல் குறியைக் கொடுத்தாலும் பூச்சியத்தையே தருகிறது. பக்க எண் வராத கோரிக்கையும் வெறுமையாக வந்த கோரிக்கையும் இவ்வாறு பூச்சியமாம் பக்கத்தைக் கேட்கும் கோரிக்கையாகிவிடுகின்றன. பக்க எண்ணில் ஒன்றைக் கழித்து, பக்கத்துக்கு 20 நூல் வீதம் தாண்ட வேண்டிய வரிசைகளைக் கணக்கிடும் நிரலில் அது கழித்தல் 20 ஆகி, தரவுத்தளம் பிழை காட்டி நிற்கும். ‘பார்ஸ்இன்ட்’ என்னும் மற்றொரு மாற்றி அவ்விரண்டுக்கும் ‘எண் அன்று’ என்னும் குறியைத் தருவதால் இவ்வகையில் நேர்மையானது என்றாலும், ‘2அஆ’ என்பதை 2 என்று ஏற்றுக்கொள்வதால் பிழையை மறைக்கிறது. செயற்கூற்றின் தலைப்பில் எழுதும் இயல்பு மதிப்பும் இங்கே கைகொடுப்பதில்லை: அது ‘அன்டிஃபைன்டு’ நிலையில் மட்டும் இயங்குவது, வராத அளபுருவுக்குக் கிடைப்பதோ நல். ‘||’ குறியைக் கொண்டு இயல்பு மதிப்பு இடும் பழைய பழக்கம், எண்ணாக மாற்றிய பின் வரும் உண்மையான பூச்சியத்தையும் சேர்த்து அழித்துவிடும்.

இவ்வளவும் கருவிகளின் நடத்தை. இவற்றைவிட முதன்மையான கேள்வி, குறிப்பிட்ட ஓர் அளபுரு வராததற்கும் வெறுமையாக வந்ததற்கும் அந்தத் தளத்தில் என்ன பொருள் என்பதே. இதை எந்த நிரலகமும் முடிவு செய்து தராது, தளத்தின் பயனை அறிந்தவரே முடிவு செய்ய வேண்டும். நூற்பட்டியல் தேடலில் ‘பக்கம்’ வராவிட்டால் முதற்பக்கம் என்பது எல்லோரும் ஒப்பும் முடிவு, வெறுமையாக வந்தாலும் அதுவே போதும். ‘சொல்’ வராவிட்டால் தேடற்படிவத்தை மட்டும் காட்டலாம். வெறுமையாக வந்திருந்தால் ஒருவர் ஒன்றும் எழுதாமல் பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்று பொருள், அவருக்குத் தேடவேண்டிய சொல்லை எழுதும்படி ஒரு வரி சொல்வது பயன்படும். ஒருவரின் விவரங்களைத் திருத்தும் இடத்தில் வேறுபாடு உச்சத்தை அடைகிறது: ‘தொலைபேசி’ வராவிட்டால் பழைய எண்ணைத் தொடாதே என்றும், வெறுமையாக வந்தால் பழைய எண்ணை அழித்துவிடு என்றும் பொருள்படும். 2014 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 7396, ஜேசான் வடிவத்தில் திருத்தங்களை அனுப்பும்போது வராத பெயர் மாற்றமின்மையையும் நல் மதிப்பு நீக்கத்தையும் குறிக்கும் என்று விதித்தது; முகவரி அளபுருக்களுக்கு அத்தகைய பொதுவிதி இல்லையாதலால் ஒவ்வொரு தளமும் தன் முடிவைத் தானே எழுதிவைக்க வேண்டியதாகிறது.

வடிகட்டும் அளபுருக்களில் அலட்சியம் ஆபத்தாகவே முடியும். ‘மதிப்பு இருந்தால் நிபந்தனையைச் சேர், இல்லாவிட்டால் விட்டுவிடு’ என்று தரவுத்தள வினவலைக் கட்டுவது தேடலுக்குப் பொருந்தும், ஏனெனில் நிபந்தனை இல்லாத தேடல் கூடுதலான நூல்களைக் காட்டும், அவ்வளவே. அதே நிரல்முறையை நீக்குவதற்கும் மாற்றுவதற்கும் எடுத்துச் சென்றால், உறுப்பினர் எண் வெறுமையாக வந்த ஒரு கோரிக்கை நிபந்தனையற்ற நீக்கமாகி அட்டவணை முழுவதையும் துடைத்துவிடும். (நீக்கும் செயலைச் சாதாரண முகவரி இணைப்பில் வைப்பதே தவறு என்பது வேறு; அது படிவத்தின் வழியே வந்தாலும் இந்த ஆபத்து மாறாது.) 2012 மே மாதத்தில் ரூபி ஆன் ரெயில்ஸில் வெளிப்படுத்தப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறை இதன் நுட்பமான வடிவம். கடவுச்சொல்லை மாற்றித் தரும் நிரல், அடையாளச் சரம் வந்திருக்கிறதா என்று சோதித்த பின்பே பயனரைத் தேடியது. ஆனால் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குறிகளை இட்டு, மதிப்பில்லாமல் அனுப்பினால் நிரலுக்குக் கிடைத்தது இன்மைக் குறி அன்று, இன்மைக் குறி ஒன்றை உள்ளே கொண்ட பட்டியல். பட்டியல் இருக்கிறதாதலால் சோதனை அதைக் கடக்கவிட்டது, தரவுத்தளமோ அதை ‘அடையாளச் சரமே இல்லாத பயனர் யார்’ என்னும் கேள்வியாகப் படித்தது. பெயர் வந்ததா என்று கேட்பது போதாது, வந்தது சரமா, பட்டியலா, அதனுள் எழுத்து உண்டா என்பது வரை கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தரவுத்தளங்களும் தம்முள் ஒத்துப்போவதில்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்: ஆரக்கிள் தரவுத்தளம் வெற்றுச் சரத்தை நல் என்றே சேமிக்கிறது, போஸ்ட்கிரெஸ் இரண்டையும் பிரித்தே வைக்கிறது.

ஆகவே அளபுருக்களைச் சோதிக்கும் வேலை நிரலின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கக் கூடாது. கோரிக்கை உள்ளே நுழையும் இடத்திலேயே ஒவ்வோர் அளபுருவும் ஒருமுறை படிக்கப்பட்டு, வந்ததா, முன்பின் இடைவெளிகளை நீக்கிய பின் எழுத்து மிஞ்சுகிறதா, உரிய வகைக்கு மாறுகிறதா, எல்லைக்குள் இருக்கிறதா என்னும் வரிசையில் சோதிக்கப்பட்டு, எண் எண்ணாகவும் தேதி தேதியாகவும் மாறிய பின்பே அடுத்த அடுக்குக்குச் செல்ல வேண்டும். அதைக் கடந்த நிரல் எதிலும் வெற்றுச் சரத்தைத் தேடும் சோதனை தேவைப்படாது. தேவைப்படுகிறது என்றால் நுழைவாயிற் சோதனை முழுமையடையவில்லை என்று அறியலாம்.

சோதனையில் தேறாத கோரிக்கைக்கு என்ன விடை தருவது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. 1980இல் ஜான் போஸ்டல் இணைய நெறிமுறை ஆவணத்தில் எழுதிய வழிகாட்டுதல், அனுப்புவதில் கண்டிப்பும் பெறுவதில் தாராளமும் வேண்டும் என்பது. இதைப் பின்பற்றுபவர்கள் பிழையான பக்க எண்ணையும் முதற்பக்கமாகக் கொண்டு விடை தருவார்கள். 2023 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9413, அத்தகைய தாராளம் பிழைகளை நிலைபெறச் செய்து பின்னால் எவரும் திருத்த முடியாத வழக்கங்களாக்கிவிடுகிறது என்று விரிவாக வாதிட்டது. மனிதர் படிக்கும் பக்கங்களில் வராமைக்கும் வெறுமைக்கும் இயல்பு மதிப்பு இட்டு உதவுவதும், பிழையான மதிப்பை மட்டும், தவறான கோரிக்கை என்று அறிவிக்கும் 400 என்னும் விடையெண்ணோடு, எந்த அளபுரு ஏன் ஏற்கப்படவில்லை என்று பெயர் சுட்டித் திருப்பி அனுப்புவதும் பொருத்தமானது. நிரல்கள் மட்டும் அழைக்கும் இடைமுகங்களில் கட்டாய அளபுரு வெறுமையாக வருவதையும் அதே கண்டிப்போடு மறுப்பதே, அழைக்கும் நிரலை எழுதுபவருக்குச் செய்யும் உண்மையான உதவி. ஊகித்துத் தரப்படும் விடை சரியானது போலவே தோற்றமளிப்பதால் அவர் தம் பிழையை அறியும் வாய்ப்பை இழக்கிறார். ஃபிளாஸ்க் கட்டமைப்பில் எண்வகையைக் குறிப்பிட்டு அளபுருவைப் படிக்கும்போது, வராதது, வெறுமையானது, பிழையானது ஆகிய மூன்றுக்கும் இயல்பு மதிப்பே ஓசையின்றித் தரப்படுகிறது. வசதி கருதி வைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டை, விளைவறிந்து தேர்ந்தெடுப்பவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

முகவரியைக் கட்டி அனுப்பும் பக்கத்தில் வெற்று அளபுருக்களை நீக்கிவிட்டு அனுப்புவது நல்ல வழக்கம். ‘பக்கம்=1’ உள்ள முகவரியும், ‘பக்கம்=’ உள்ளதும், பக்கமே இல்லாததும் ஒரே பக்கத்தைக் காட்டினாலும், இடையில் உள்ள தற்காலிகச் சேமிப்பகங்கள் முகவரியையே அடையாளமாகக் கொள்வதால் ஒரே பக்கத்தை மூன்று படிகளாகச் சேமிக்கின்றன; தேடுபொறிகளும் அவற்றை மூன்று பக்கங்களாக எண்ணக்கூடும் என்பதால்தான், முதன்மை முகவரி எது என்று பக்கத்திலேயே குறிக்கும் ‘கனானிக்கல்’ இணைப்பை கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009இல் அறிமுகப்படுத்தின.

தமிழ் மதிப்புகளைக் கையாளுபவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வெறுமை போலத் தோன்றும் வெறுமையல்லாதது. தமிழ் உரைகளில் ‘க்‌ஷ’ கூட்டெழுத்தாகிவிடாமல் பிரித்துக் காட்டுவதற்காக இடப்படும் அகலமற்ற இணைப்பு நீக்கி என்னும் யூனிகோடு குறி திரையில் இடம் எதுவும் எடுப்பதில்லை. வேறிடத்திலிருந்து படியெடுத்து ஒட்டும்போது அது மட்டும் பெட்டியில் தங்கிவிட்டால் பெட்டி காலியாகத் தெரியும், ஆனால் ஜாவாஸ்கிரிப்டின் ‘டிரிம்’ அதை இடைவெளியாகக் கருதாததால் நீக்காது, வழங்கிக்கு ஓர் எழுத்துள்ள சரமாகவே அது சென்று சேரும். மற்றொன்று, வந்திருந்தும் வராதது போல ஆவது. ‘சொல்’ என்பதில் உள்ள ஒகர உயிர்மெய்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு. பெயரிலேயே இது நேர்ந்தால் நிரல் அந்த அளபுரு வரவில்லை என்று சொல்லிவிடும். முகவரியில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் விழுக்காட்டுக் குறியீட்டில் ஒன்பது எழுத்துகளாக விரிவதால், ‘குறுந்தொகை’ என்னும் ஒரு சொல் 90 எழுத்துகளை அடைத்துக்கொள்கிறது. அந்த நீண்ட வரிசையில் இத்தகைய வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது எளிதன்று. இக்கட்டுரையில் விளங்குவதற்காகத் தமிழில் தரப்பட்ட அளபுருப் பெயர்களை நடைமுறையில் ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் மதிப்புகளை நுழைவாயிலிலேயே ‘என்எஃப்சி’ என்னும் ஒருமைப்படுத்திய வடிவத்துக்கு மாற்றுவது தக்கது.

இவற்றையெல்லாம் சரிபார்க்கும் சோதனைகளை நிரலோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வோர் அளபுருவுக்கும் பெயர் இல்லாத கோரிக்கை, சமக்குறி இல்லாத பெயர், சமக்குறியோடு வெற்று மதிப்பு, இடைவெளி மட்டும் உள்ள மதிப்பு, ‘0’, வகை மாறிய மதிப்பு, இருமுறை வந்த பெயர், சதுர அடைப்புக்குறியோடு வந்த பெயர் என அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் விடையெண்ணையும் பக்கத்தையும் சோதனையிலேயே எழுத வேண்டும். தரவை மாற்றும் செயல்களுக்கு விடையை மட்டும் பார்த்தால் போதாது, வெற்று மதிப்போடு கோரிக்கையை அனுப்புவதற்கு முன்னும் பின்னும் அட்டவணையில் உள்ள வரிசைகளை எண்ணி, அவ்விரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பதையும் உறுதி செய்ய வேண்டும்.